ஹொரெண்டஸ் என்றால் எவ்வளவு மோசம்?

வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் உங்களுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் 'போன மாதத் தாமதம் ஹொரெண்டஸ் (horrendous)' என்று எழுதியிருக்கிறார். அகராதியைப் பார்த்தால் 'கொடூரமான, பயங்கரமான, நடுங்கவைக்கிற' என்று போட்டிருக்கிறது. ஒரு தாமதத்துக்கு இவ்வளவு பெரிய சொல்லா, என்னைக் கொடுமைக்காரன் என்கிறாரா, ஹாரிபிள், ஹாரிஃபிக் என்பவற்றுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்பது சொல்லின் அர்த்தம்தான் என்றாலும், அவர் எந்த அளவுக்குக் கோபமாக இருக்கிறார் என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதும் மற்றவர்கள் மொழிபெயர்த்ததைத் திருத்துவதும்தான் பல வருடங்களாக என் வேலை. திருத்தும்போது நான் அடிக்கடி நின்றுவிடும் சொற்களில் இதுவும் ஒன்று.

அவர் உங்களைக் கொடுமைக்காரர் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் தாமதத்தின் மேல் விழுந்திருக்கிறது, உங்கள் மேல் அல்ல. ஆங்கிலத்தில் இது வசைச் சொல்லும் இல்லை, கொச்சையும் இல்லை. அலுவலகக் கடிதத்தில் எழுதக்கூடிய சொல்தான். ஆனால் லேசாகவும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தாமதம் 'லாங்' என்றோ 'பேட்' என்றோ 'அன்ஃபார்சுனேட்' என்றோ அவர் எழுதியிருக்கலாம். அவற்றையெல்லாம் தாண்டி இந்தச் சொல்லுக்கு வந்திருக்கிறார். 'பொறுத்துக்கொள்ளக்கூடிய எல்லையைத் தாண்டிவிட்டது, நாங்கள் ரொம்பவே அவதிப்பட்டோம்' என்பதுதான் அவர் சொல்வது. தமிழில் ஒருவர் 'போன மாசம் பட்ட பாடு இருக்கே, சொல்லி மாளாது' என்றால் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ, ஏறக்குறைய அந்த அளவு.

இனி சொல்லுக்கு வருவோம். ஹொரெண்டஸ் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கேட்டாலே உடல் நடுங்கும் விஷயங்களைச் சொல்வது: ஹொரெண்டஸ் கிரைம், ஹொரெண்டஸ் இன்ஜுரீஸ், ஹொரெண்டஸ் சஃபரிங். கொலை, போர், சித்திரவதை, பெரிய விபத்து பற்றிய செய்திகளில் வருவது இதுதான். இங்கே சொல் தன் முழு எடையோடு நிற்கிறது. இன்னொன்று, அன்றாட அவதியைப் பெரிதுபடுத்திச் சொல்வது: ஹொரெண்டஸ் டிராஃபிக், ஹொரெண்டஸ் வெதர், ஹொரெண்டஸ் பில், ஹொரெண்டஸ் நாய்ஸ். இங்கே யாரும் நடுங்குவதில்லை, அலுத்துப்போய்ப் பேசுகிறார்கள். உங்கள் மின்னஞ்சல் இந்த இரண்டாவது வகை. அகராதி இரண்டையும் ஒரே வரியில் அடுத்தடுத்து அடுக்கிவிடுவதால்தான் உங்களுக்குத் திகைப்பு. எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஹொரெண்டஸையே உற்றுப் பார்த்துப் பயனில்லை. அதற்குப் பக்கத்தில் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அங்கே உயிர், உடல், மனித மானம் பற்றிய பேச்சு இருந்தால் முதல் வகை. நேரம், பணம், வானிலை, தரம் என்றால் இரண்டாவது.

இப்படி இரண்டுக்கும் இடம் கொடுக்கும் தன்மை சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். லத்தீனில் 'ஹொர்ரேரே' என்று ஒரு வினை. மயிர் சிலிர்த்து நிற்பது, அதிலிருந்து நடுங்குவது, அஞ்சுவது என்று அதற்குப் பொருள் விரிந்தது. அந்த வினையிலிருந்து லத்தீன் இலக்கணம் ஒரு வடிவத்தை உண்டாக்கும்: 'ஹொர்ரெண்டுஸ்'. பள்ளியில் ஆங்கில இலக்கணம் படித்தவருக்கு இதை விளக்குவது சிரமம், ஏனென்றால் ஆங்கிலத்தில் அதற்கு நேரான உருபே கிடையாது. தமிழருக்கு விளக்குவது சுலபம், நம்மிடம் 'தக்க' இருக்கிறது. பாராட்டத்தக்க, வருந்தத்தக்க, வெறுக்கத்தக்க என்கிறோமே, அதே அமைப்பு. ஹொர்ரெண்டுஸ் என்றால் 'நடுங்கத்தக்க'. இதே அச்சில் வந்த லத்தீன் சொற்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அஜெண்டா என்பது 'செய்யத்தக்கவை'. மெமோரண்டம் 'நினைவில் வைக்கத்தக்கது'. ரெவரெண்ட் 'வணங்கத்தக்கவர்'. அமாண்டா என்ற பெண் பெயர்கூட 'நேசிக்கத்தக்கவள்' என்ற பொருள் தருவதுதான். இந்த ஒரு உருபைப் பிடித்துக்கொண்டால் ஆங்கிலத்தில் ஒரு டஜன் சொற்கள் தானாக அவிழும்.

'நடுங்கத்தக்க' என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்று அது சொல்லவில்லை. கறுப்பா, கூர்மையா, நாறுகிறதா, ஒன்றும் இல்லை. அதை எதிர்கொள்கிறவருக்கு என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறது. அதனால்தான் ரத்தம் தோய்ந்த காட்சிக்கும் மூன்று பக்கக் கட்டண ரசீதுக்கும் ஒரே சொல் பொருந்திப்போகிறது. எதிரே இருப்பவை வேறு வேறு. பார்க்கிறவர் பின்வாங்குவது மட்டும் பொது.

வேர் பற்றி இன்னொரு செய்தி, நமக்கு நெருக்கமானது. ஹொர்ரேரேவுக்கும் சமஸ்கிருத 'ஹர்ஷம்' என்ற சொல்லுக்கும் மூலம் ஒன்று என்பது மொழியியலாளர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட முடிவு. இரண்டும் மயிர் சிலிர்ப்பதிலிருந்து பிறந்தவை. ஒரு கிளை சிலிர்ப்பை அச்சமாக எடுத்துக்கொண்டது, இன்னொன்று மகிழ்ச்சியாக. நாம் 'புல்லரிக்குது' என்பதை இரண்டு பக்கமும் சொல்கிறோம் இல்லையா? நல்ல பாட்டைக் கேட்டாலும் புல்லரிக்கும், நடுராத்திரியில் விசித்திரமான சத்தம் கேட்டாலும் புல்லரிக்கும். உடலுக்கு ஒரே வேலை, மனத்துக்குத்தான் வேறு பெயர். அப்புறம், 'கோரம்' என்பதும் 'ஹாரர்' என்பதும் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஒரே வேர் என்று சிலர் எழுதுவதைப் பார்க்கிறேன். ஓசை ஒத்துப்போவதை வைத்து அப்படி முடிச்சுப் போட வேண்டாம்.

ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் வந்தது 17ஆம் நூற்றாண்டில். அதற்கு வெகு முன்பே, 1300ஐ ஒட்டி, பிரெஞ்சு வழியாக ஹாரிபிள் வந்துவிட்டது. ஹாரிட் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில். ஹாரிஃபிக், ஹொரெண்டஸோடு ஏறக்குறைய சேர்ந்தே வந்தது. ஒரே வேரிலிருந்து நான்கு பெயரடைகள் ஒரு மொழியில் இருந்தால் அவை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். இவையும் பங்கிட்டுக்கொண்டன. அந்தப் பங்கீடுதான் உங்கள் அடுத்த கேள்விக்குப் பதில்.

ஹாரிபிள் நால்வரில் மிகச் சாதாரணமானது, மிக அதிகமாகப் புழங்குவது. ருசி, நாற்றம், நிறம், மனுஷர்கள் எல்லாவற்றுக்கும் வரும். முக்கியமாக, ஒருவர் இன்னொருவரிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்ல இதுதான் சொல்: 'ஹி வாஸ் ஹாரிபிள் டு ஹெர்' என்றால் அவளிடம் மோசமாக, ஈவிரக்கமில்லாமல் நடந்துகொண்டான் என்று அர்த்தம். இந்த இடத்தில் ஹொரெண்டஸ் போட்டால் ஒட்டாது. உங்கள் வாடிக்கையாளர் 'நீங்கள் ஹாரிபிள்' என்று எழுதியிருந்தால் நிஜமாகவே கவலைப்பட்டிருக்க வேண்டும்; அது ஆளைத் தொடுகிற சொல். ஹாரிஃபிக் அநேகமாக உடல் சேதத்தோடும் வன்முறையோடும் போகும். விபத்து, காயம், தாக்குதல். 'ஹாரிஃபிக் டிராஃபிக்' என்று பேச்சில் சொல்கிறவர்கள் உண்டு, ஆனாலும் அந்தச் சொல் இன்னும் ரத்தத்தை மறக்கவில்லை. ஹாரிட் கொஞ்சம் பழைய நெடி அடிக்கும். பிரிட்டிஷ் பேச்சில், பெரும்பாலும் குழந்தைகள் பேச்சிலோ பழைய தலைமுறை பேச்சிலோ கேட்கலாம். நீங்கள் அதைப் பயன்படுத்த வேண்டிய தேவை அநேகமாக வராது.

ஒரு எடுத்துக்காட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஒரு திரைப்படத்தை ஹாரிஃபிக் என்று ஒருவர் சொன்னால், அதில் குலைநடுங்கும் காட்சிகள் இருக்கின்றன என்பது ஒரு பொருள். பேய்ப்பட ரசிகருக்கு அது பாராட்டாகவே இருக்கலாம். அதே படத்தை ஹொரெண்டஸ் என்றால் படம் படுமோசம், உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இயக்குநர் முதல் விமர்சனத்தை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம், இரண்டாவதைப் போட முடியாது.

இதோடு சேர்த்து ஒரு பிழையையும் சொல்லிவிடுகிறேன், நம்மவர்கள் எழுத்தில் நிறையக் காண்பது. செய்தியைக் கேட்டு அதிர்ந்துபோனேன் என்று சொல்ல 'ஐ வாஸ் ஹொரெண்டஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அதற்கு அர்த்தமே வேறு: 'நான் படு மோசமாக இருந்தேன்', அதாவது ஆட்டத்திலோ மேடையிலோ சொதப்பினேன் என்றாகிவிடும். அதிர்ந்தது நீங்கள் என்றால் 'ஐ வாஸ் ஹாரிஃபைட்'. அதிரவைத்தது செய்தி என்றால் அது 'ஹாரிஃபையிங்'. ஹொரெண்டஸ் எப்போதும் எதிரே இருப்பதைத்தான் சொல்லும், உணர்கிறவரைச் சொல்லாது. 'தக்க' என்ற உருபை நினைவில் வைத்தால் இது குழம்பாது. 'நான் நடுங்கினேன்' என்பதும் 'நான் நடுங்கத்தக்கவன்' என்பதும் ஒன்றல்லவே.

இலக்கணத்தில் மற்றவை சுலபம். இது ஏற்கெனவே உச்சத்தில் நிற்கும் பெயரடை. 'மிக' என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அதனால் முன்னால் 'வெரி' போட்டால் தவறு என்று யாரும் அடிக்கோடிட மாட்டார்கள், ஆனால் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதுக்கு உறுத்தும். 'அப்சல்யூட்லி ஹொரெண்டஸ்', 'ட்ரூலி ஹொரெண்டஸ்' என்பதுதான் இயல்பு. ஒப்பிட 'மோர்', 'மோஸ்ட்'. வினையடையாக 'ஹொரெண்டஸ்லி' வரும்போது அதன் புழக்கம் குறுகிவிடுகிறது. பெரும்பாலும் விலையோடும் சிக்கலோடும்தான் சேரும்: ஹொரெண்டஸ்லி எக்ஸ்பென்சிவ், ஹொரெண்டஸ்லி காம்ப்ளிகேட்டட். ஒரு காரியம் விபரீதமாகப் போய்விட்டது என்று சொல்ல வேண்டுமா, அங்கே 'ஹாரிப்ளி ராங்' என்பது உறைந்துபோன தொடர். அதை மாற்ற முயல வேண்டாம். எழுத்துக்கூட்டலில் ஆர் இரண்டு, டி ஒன்று, முடிவில் ஓ, யூ, எஸ். டிக்குப் பிறகு ஒரு ஐயைச் சேர்த்து 'ஹொரெண்டியஸ்' என்று எழுதுபவர்கள் ஆங்கிலேயரிலும் உண்டு, அது பிழைதான். உச்சரிக்கும்போது அழுத்தம் நடுவில் உள்ள 'ரெண்' மேல் விழும், முதல் அசை மெலிந்து போகும்.

இதுவரை சொன்னவற்றில் வேர், வரலாறு, இலக்கணம் ஆகியவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. சொற்கள் எதோடு எது சேரும் என்பதை அப்படிச் சொல்ல முடியாது. அது பெரும்பான்மை வழக்கு, சட்டமல்ல. ஒரு நாவலாசிரியர் வேண்டுமென்றே வழக்கை மீறுவார், அவருக்கு அந்த உரிமை உண்டு. இன்னும் சந்தேகமான இடம் ஒன்று இருக்கிறது. ஹொரெண்டஸ் பெரிதா, ஹாரிஃபிக் பெரிதா, இவற்றோடு அட்ரோஷியஸ், அபாலிங், காஸ்ட்லி (ghastly; விலை அதிகம் என்கிற costly அல்ல) எல்லாவற்றையும் கடுமை வாரியாக ஏணிப்படிபோல் அடுக்கித் தரும் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அந்த வரிசைகளை நான் நம்புவதில்லை. நல்ல அகராதிகள் இச்சொற்களை ஒன்றைக் கொண்டு இன்னொன்றை விளக்குகின்றனவே தவிர, இது இதைவிட இவ்வளவு கடுமை என்று அளந்து தருவதில்லை. பேசுகிறவர் யார், எந்தக் குரலில் சொன்னார், அவர் எப்போதும் மிகைப்படுத்துகிறவரா என்பதை வைத்துக் கடுமை கூடும், குறையும். வாய்க்கு வாய் இந்தச் சொல்லைச் சொல்கிறவர் எழுதினால் கால்வாசி எடை. அடக்கமாகவே எழுதும் ஒருவர் ஒருமுறை எழுதினால் முழு எடை. உங்கள் வாடிக்கையாளரின் பழைய மின்னஞ்சல்களை எடுத்துப் பாருங்கள். அவர் கோபத்தின் அளவு அகராதியில் இருப்பதைவிட அங்கேதான் தெரியும்.

அந்தச் சுற்றத்துச் சொற்களில் கடுமையைவிடப் பார்க்க வேண்டியது அவை எதைத் தொடுகின்றன என்பதுதான். எக்ஸ்குரூஷியேட்டிங் வலியைத் தொடும். அதன் வேரில் இருப்பது சிலுவை. ஹிடியஸ் கண்ணுக்கு விகாரமானதை. ஹீனஸ் குற்றத்தை. அபாலிங் முகம் வெளிறிப்போவதிலிருந்து வந்தது. கேட்டு வாயடைத்துப் போகும் இடத்துக்கு ஏற்றது. ஹொரெண்டஸ் இவற்றில் எதற்கும் கட்டுப்படாமல் எல்லா இடத்துக்கும் போய்வரும். அதுதான் அதன் வசதி, எழுதுகிறவரைச் சோம்பேறியாக்கும் ஆபத்தும் அதுதான்.

இங்கே தமிழ்ப் பக்கம் ஒரு சிக்கல். அகராதி தந்த 'பயங்கரமான' என்பதை அப்படியே நம்பக் கூடாது. பயத்தை உண்டாக்குவது என்பதுதான் பயங்கரத்துக்கு நேர்ப்பொருள். ஆனால் இன்று 'படம் பயங்கரம்பா' என்றால் பாராட்டு. 'பயங்கரமா பாடுறான்' என்றால் நல்ல பாடகன். ஆங்கிலத்திலும் இதே பாதையில் போன சொற்கள் உண்டு. டெரிஃபிக் என்பது 17ஆம் நூற்றாண்டில் அச்சமூட்டுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் 'பிரமாதம்' ஆகிவிட்டது. 'நடுங்கத்தக்க' என்று பொருள்படும் இன்னொரு லத்தீன் சொல்லிலிருந்து, அதே 'தக்க' அச்சில் வார்க்கப்பட்ட டிரெமெண்டஸும் நல்ல பக்கம் தாவிவிட்டது. ஹொரெண்டஸ் மட்டும் தாவவில்லை. அதை வைத்து யாரையும் பாராட்ட முடியாது. கூடப் பிறந்ததுபோன்ற ஒரு சொல் இடம் மாறியபோது இது ஏன் மாறவில்லை என்பதற்கு எனக்குத் தோன்றும் காரணம், ஹாரர் என்ற பெயர்ச்சொல் பக்கத்திலேயே எப்போதும் உயிரோடு இருப்பது. டிரெமெண்டஸைக் கேட்கிறவருக்கு நடுக்கம் நினைவுக்கு வருவதில்லை, ஹொரெண்டஸைக் கேட்டால் ஹாரர் நினைவுக்கு வருகிறது. இது என் ஊகம், நிரூபணம் அல்ல. ஆனால் ஒன்று நிச்சயம்: ஹொரெண்டஸுக்குப் பதில் 'பயங்கரம்' போட்டால் சில வாக்கியங்களில் பொருள் தலைகீழாகப் போய்விடும்.

ஒரே தமிழ்ச் சொல்லைத் தேடுவதே வீண் என்றுதான் நினைக்கிறேன். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உள்ளத்து உணர்ச்சிகளை, எட்டாகப் பிரிக்கும்போது அச்சத்தையும் இளிவரலையும் (இழிவுணர்வு, அருவருப்பு) தனித்தனியே வைக்கிறது. அணங்கு (அச்சுறுத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், இறை (அரசர்) இவற்றால் வருவது அச்சம். மூப்பு, பிணி, வருத்தம், மென்மை இவற்றால் வருவது இளிவரல். ஹொரெண்டஸ் இந்த இரண்டின் எல்லையில் கால் பரப்பி நிற்கிறது. ஒரு குற்றத்தை அப்படிச் சொன்னால் அச்சம் தூக்கலாக இருக்கும். அகதி முகாமின் நிலைமையை அப்படிச் சொன்னால் இளிவரல் தூக்கலாக இருக்கும். தமிழில் எழுதும்போது எது தூக்கல் என்று முடிவு செய்துகொண்டுதான் சொல்லைத் தொட வேண்டும். நாளிதழ்கள் 'கோர விபத்து' என்று எழுதுவது ஹாரிஃபிக் ஆக்சிடெண்டுக்கு நன்றாகவே பொருந்தும். ஹொரெண்டஸ் கிரைம் என்பதை 'நெஞ்சைப் பதறவைக்கும் குற்றம்' என்பேன். ஹொரெண்டஸ் கண்டிஷன்ஸ் என்றால் 'மனிதர் இருக்க லாயக்கில்லாத நிலைமை'. வலிக்கு வந்தால் 'தாங்க முடியாத வலி'. 'கொடூரமான வலி' என்பதை நான் திருத்திவிடுவேன், ஏனென்றால் கொடூரம் என்பதில் யாரோ ஒருவர் வேண்டுமென்றே செய்த வாடை இருக்கிறது. பில் என்றால் 'தலைசுற்ற வைக்கும் தொகை'. மோசமான படம் என்றால் 'சகிக்க முடியாத படம்'. உங்கள் தாமதத்துக்கு 'பொறுக்க முடியாத தாமதம்'.

பதில் எழுதும்போது அந்தச் சொல்லை நீங்கள் திருப்பிப் போட வேண்டாம். 'ஹொரெண்டஸ் டிலேவுக்கு மன்னிக்கவும்' என்று எழுதினால், அவர் ஆற்றாமையில் சொன்னதை நீங்கள் நிதானமாக ஒப்புக்கொண்டதாக ஆகும். மன்னிப்பும் நாடகத்தனமாகத் தெரியும். 'சீரியஸ் டிலே' என்று எழுதுங்கள், அல்லது தவறு முழுக்க உங்களுடையது என்றால் 'அன்அக்செப்டபிள்' என்று எழுதுங்கள். பெயரடைக்கு அங்கேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு, அடுத்த வரியில் எத்தனை நாள் தாமதமானது, எதனால், இனி எந்தத் தேதிக்குள் அனுப்புவீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.